தொலைத்தவரின் துயரம்



துன்பப்படுகிறவர்கள்மீதும் காணாமற்போனவர்கள்மீதும் கடவுள் கொள்ளும் மனவுருக்கத்தைப் பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறீர்கள். இறையியல் கல்லூரி வகுப்பறையில் பேசினால் இது ஒரு விதமாக வரும். புதுக்கோட்டையில் நின்று பேசினால் வேறு விதமாகத்தான் வர வேண்டும். கண்மாய் நிறையுமா என்று வானத்தை அண்ணாந்து பார்க்கிற சீமை இது. நார்த்தாமலைப் பக்கம் கல்லுடைத்துப் பிழைத்தவர்கள், கிழக்கே கடலை நம்பி வாழ்கிறவர்கள், நடுவே ஆடு மாடும் முந்திரியும் கடலையும் வைத்துக் குடும்பத்தை ஓட்டுகிறவர்கள். இவர்களுடைய பாடுகளை ஒதுக்கிவைத்துவிட்டுக் கடவுளின் மனவுருக்கத்தைப் பேசினால், அது காற்றில் பேசிய பேச்சாகிவிடும்.

லூக்கா நற்செய்தியின் 15ஆம் அதிகாரத்தை எடுத்துக்கொள்கிறேன். நூறு ஆடுகளில் ஒன்றைத் தொலைத்த மேய்ப்பன், பத்து வெள்ளிக்காசுகளில் ஒன்றைத் தொலைத்த பெண், இரண்டு மகன்களில் இளையவனைப் பறிகொடுத்த தகப்பன். ஞாயிறு பள்ளியிலும் மறைக்கல்வி வகுப்பிலும் நாம் வரைந்து வண்ணம் தீட்டிய கதைகள்தான். ஆனால் நம் பிரசங்கங்களில் இந்த அதிகாரம் பெரும்பாலும் காணாமற்போனவரின் குற்றப்பட்டியலாகவே ஒலிக்கிறது. ஆடு வழிதப்பிப் போனது, மகன் கெட்டுச் சீரழிந்தான் என்கிறோம். காசிடம் வரும்போது மட்டும் சொல்ல ஒன்றுமில்லாமல் வேகமாகக் கடந்துவிடுகிறோம். காசு என்ன பாவம் செய்தது?

உவமைகளைச் சொன்னவர் நஷ்டக் கணக்கை வேறொருவர் பெயரில் எழுதினார். ஆடு போனால் நஷ்டம் மேய்ப்பனுக்கு. காசு போனால் நஷ்டம் அந்தப் பெண்ணுக்கு. மகன் போனபின் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தவர் தகப்பன். வரிதண்டுகிறவர்களோடும் பாவிகள் என்று ஒதுக்கப்பட்டவர்களோடும் உட்கார்ந்து சாப்பிடுகிறாரே என்று முணுமுணுத்தவர்களுக்குப் பதிலாகத்தான் இயேசு இவற்றைச் சொன்னார் என்பதை மறந்துவிடக் கூடாது. இவர்கள் உங்களுக்கு வேண்டாதவர்களாக இருக்கலாம், கடவுளுக்கோ இவர்கள் கைவிட்டுப்போன சொந்தப் பொருள் என்பதே அவருடைய பதில். இந்த மாலையில் நான் சொல்ல வந்ததும் இது ஒன்றுதான். நற்செய்தியில் இழப்பு கடவுளுடையது. அவருடைய மனவுருக்கம் தன் சொத்தைப் பறிகொடுத்தவரின் பரிதவிப்பு. உயரத்தில் இருப்பவர் கீழே இருப்பவரைப் பார்த்து ‘ஐயோ பாவம்’ என்பதற்கும் அதற்கும் வெகு தூரம்.

இதைப் புரிந்துகொள்ளப் பாலஸ்தீனத்துக்குப் போக வேண்டியதில்லை. அறுவடை முடிந்த வயல்களில் கிடை போட வருகிற கீதாரிகளைப் பார்த்தால் போதும். இராமநாதபுரம், சிவகங்கைச் சீமைகளிலிருந்து செம்மறி மந்தைகளை ஓட்டிக்கொண்டு நம் மாவட்டம் வழியாகக் காவிரிப் பாசன ஊர்கள் வரை போகிறவர்கள் அவர்கள். பகலெல்லாம் மேய்த்துவிட்டு, இரவில் யாராவது ஒருவருடைய வயலில் ஆடுகளை அடைப்பார்கள். புழுக்கையும் மூத்திரமும் வயலுக்கு உரம். அதற்குப் பணமாகவோ நெல்லாகவோ கூலி. முன்பெல்லாம் மூங்கில் படல். இப்போது நைலான் வலை. பிறந்து சில நாளான குட்டிகளைக் கவிழ்த்த கூட்டுக்குள் வைத்திருப்பார்கள். பொழுது சாயும் நேரத்தில் தாய் ஆடுகள் திரும்பிவந்து, தத்தம் குட்டியைத் தேடிக் கத்துகிற சத்தம் சாலை வரைக்கும் கேட்கும். அந்தச் சத்தத்துக்கு நடுவிலேதான் கீதாரி எண்ணிக்கை பார்ப்பார்.

அரிமளம் பக்கத்தில் அப்படி ஒரு கிடையில் வயதான கீதாரி ஒருவரிடம், “நூறு ஆட்டுல ஒண்ணு குறைஞ்சா என்னங்கய்யா செய்வீங்க?” என்று கேட்டேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். “அது யாரு ஆடுன்னு பாக்கணும் தம்பி. கூலிக்கு மேய்க்கிறவன்னா, சம்பளத்துல கழிச்சுப்புடுவாங்களேன்னு தேடுவான். நம்ம ஆடா இருந்தா அது கத்துற சத்தம் காதுலயே நிக்கும். சோறு எறங்காது.” மற்ற தொண்ணூற்றொன்பதையும் விட்டுவிட்டு எப்படிப் போவீர்கள் என்றேன். “அதுக்குத்தான் கூட ஆளு இருக்குல்ல. ஒத்தையாளா இருந்தா போக முடியாது” என்றார்.

அவர் நற்செய்தி படித்தவர் இல்லை. ஆனால் யோவான் 10ஆம் அதிகாரத்தில் கூலியாளுக்கும் மேய்ப்பனுக்கும் காட்டப்படும் வேறுபாட்டை ஒரே பேச்சில் சொல்லிவிட்டார். அவருடைய கடைசி வார்த்தைதான் என்னை அதிகம் யோசிக்க வைத்தது. உவமையில் வருகிற மேய்ப்பனுக்குத் துணையாள் இருந்ததாக லூக்கா சொல்லவில்லை. ஆடுகளைப் பட்டியில் அடைத்துவிட்டுப் போனான் என்றும் இல்லை. வனாந்தரத்தில் விட்டுவிட்டுப் போகிறான். தொழில் தெரிந்த எந்தக் கீதாரியும் இதைச் செய்ய மாட்டார். கடவுள் செய்கிறார் என்கிறார் இயேசு. அந்த ஒன்று இல்லாமல் கடவுளுக்குச் சோறு இறங்குவதில்லை.

கிடையைப் பற்றிப் பேசும்போது ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது. நம் மாவட்டத்தை உள்ளடக்கிய இந்த வட்டாரத்தில் ஆடு மேய்க்கவும் வாத்து மேய்க்கவும் சிறுவர்கள் கொத்தடிமைகளாக வைக்கப்பட்டிருந்த செய்திகள் பல ஆண்டுகளாக வந்துகொண்டிருக்கின்றன. கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் 1976-இலேயே வந்துவிட்டது. ஆனாலும் வைத்தியத்துக்கோ கல்யாணத்துக்கோ சாவுச் செலவுக்கோ ஒரு குடும்பம் முன்பணம் வாங்குகிறது; அதற்கு ஈடாகப் பையன் போகிறான். 2018 நவம்பர் 16 விடியற்காலையில் கஜா புயல் கரையைக் கடந்தது. அடுத்த மாதமே தஞ்சாவூர் மாவட்டத்தில் புயலில் எல்லாம் இழந்த ஒரு குடும்பம் தன் மகனை ஆடு மேய்க்க அடகுவைத்த செய்தி பத்திரிகைகளில் வந்தது. ஓர் ஆடு காணாமற்போனால் முதலாளி ஆளனுப்பித் தேடுவார். மேய்த்த பையனுக்கு அடி விழும், கடன் ஏறும். பள்ளிக்கூட வருகைப் பதிவேட்டிலிருந்து அந்தப் பையனே காணாமற்போனானே, அவனை யார் தேடினார்கள்? நம் ஆலயங்களில் நல்ல மேய்ப்பன் படம் மாட்டியிருக்கிறோம். தோளில் ஓர் ஆட்டுக்குட்டி. அந்தத் தோளில் இந்தப் பையனை வைத்துப் பார்க்க நாம் பழக வேண்டும். பள்ளி வயதுப் பிள்ளை எங்கேயாவது கிடையில் கம்போடு நிற்பதைக் கண்டால் 1098 என்ற எண்ணில் சொல்லலாம். கோட்டாட்சியருக்கு மனுக் கொடுக்கலாம். விடுதலைச் சான்றிதழ் வழங்கும் அதிகாரம் அவருக்கு உண்டு.

கஜாவைப் பற்றி இன்னொரு வார்த்தை. பேரிடர் வந்த மறுநாளே, இது பாவத்துக்குக் கிடைத்த தண்டனை என்று பேசத் தொடங்குகிறவர்கள் நம் மத்தியில் இருக்கிறார்கள். கீரமங்கலம், வடகாடு, கொத்தமங்கலம் பக்கம் பிள்ளைபோல வளர்த்த தென்னைகள் ஒரே இரவில் வேரோடு சாய்ந்து கிடந்தன. தலைமுறை தலைமுறையாகக் காய்த்த பலா மரங்கள் முறிந்து விழுந்தன. அந்தத் தோப்புக்காரர் எதிரே நின்று இதைச் சொல்ல எந்த நாக்குக்குத் துணிவு வரும்? சீலோவாம் கோபுரம் இடிந்து விழுந்து 18 பேர் செத்ததை இயேசு தாமே எடுத்துப் பேசினார். செத்தவர்கள் மற்றவர்களைவிடப் பெரிய பாவிகள் என்ற கணக்கை மறுத்துவிட்டார். ஏன் விழுந்தது என்று அவர் விளக்கவில்லை. நாயீன் ஊர் வாசலில் விதவைத் தாயின் ஒரே மகனைத் தூக்கிக்கொண்டு வந்தபோதும் அவர் விளக்கம் சொல்லவில்லை. போய்ப் பாடையைத் தொட்டார். பாடையைத் தொடுவது தீட்டு என்று தெரிந்தே தொட்டார்.

இங்கே ஒரு பழைய கேள்வி எழும். கடவுளுக்கு வலிக்குமா? கிரேக்கத் தத்துவத்தில் ஊறிய இறையியல், வலிக்காது என்றே நெடுங்காலம் சொல்லிவந்தது. அவர் மாறாதவர், எதனாலும் பாதிக்கப்படாதவர் என்றது. எபிரேயத் தீர்க்கதரிசிகளுக்கு அந்தச் சங்கடம் இருந்ததில்லை. ஓசியா 11ஆம் அதிகாரத்தில், கைபிடித்து நடக்கப் பழக்கிய பிள்ளை முகத்தைத் திருப்பிக்கொண்டு போனபிறகு, அவனைத் தண்டிக்கவும் முடியாமல் கைவிடவும் மனம் வராமல் தனக்குள்ளேயே கொதிக்கிற தகப்பனாகக் கடவுள் பேசுகிறார். 1946-இல், போரில் தோற்று எரிந்து கிடந்த ஜப்பானில் கசோ கிதமோரி என்ற லுத்தரன் இறையியலாளர் கடவுளின் வலியையே நற்செய்தியின் இருதயமாக வைத்து ஒரு நூலை வெளியிட்டார். ஜெர்மனியின் யூர்கன் மோல்ட்மன் இளவயதில் போர்க்கைதியாகக் கிடந்தவர். சிலுவையில் அறையப்பட்ட கடவுளைப் பற்றிய அவருடைய நூல் 1972-இல் வந்தது. இரண்டு பேருமே தோற்ற நாட்டுக்காரர்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். வென்ற நாடுகளின் மேடைகளில் கடவுளின் வலி அவ்வளவு எளிதில் பேசப்படுவதில்லை.

நம் ஊர்க்காரர்களுக்கு இந்தப் பேச்சு புதிதாகத் தோன்றக் கூடாது. திருப்பெருந்துறை என்கிற ஆவுடையார்கோயில் இந்த மாவட்டத்தில்தானே இருக்கிறது? பாண்டியனுக்குக் குதிரை வாங்க அரசாங்கக் கருவூலப் பணத்தோடு வந்த அமைச்சர் மாணிக்கவாசகர், அங்கே குருந்த மரத்தடியில் குருவைக் கண்டு எல்லாவற்றையும் மறந்தார். கொண்டுவந்த பணம் கோயிலாகிவிட்டது. அரசனுடைய கணக்கில் அவர் தொலைந்துபோனவர், பணத்தையும் தொலைத்தவர். அவர் சிறையிலும் சுடுமணலிலும் பட்ட பாட்டைப் பொறுக்காமல் வையை பெருகியது என்றும், கரையடைக்க வந்தி என்ற கிழவியின் பங்குக்கு இறைவனே கூலியாளாக வந்து, உதிர்ந்த பிட்டைக் கூலியாக வாங்கித் தின்று, வேலை செய்யவில்லை என்று பிரம்படி பட்டார் என்றும் திருவிளையாடல் சொல்கிறது. பட்ட அடி பாண்டியன் முதுகிலும் விழுந்தது. உலகத்து உயிர்கள் அத்தனையின் முதுகிலும் விழுந்தது. பிட்டுக்கு மண் சுமந்தது மதுரையில். ஆனால் கதையின் வேர் நம் பெருந்துறையில். அங்கே கருவறையில் லிங்கம் கிடையாது, ஆவுடையார் மட்டும்தான். புழுங்கலரிசிச் சோற்றைப் பலகைக் கல்லில் கொட்டி, எழும்புகிற ஆவியைத்தான் நிவேதனம் செய்கிறார்கள். உழைப்பாளி வீட்டுச் சோறு அது.

ஜி. யு. போப் என்ற கிறிஸ்தவக் குரு தம் 80ஆம் வயதில், 1900-இல், மாணிக்கவாசகர் பாடிய திருவாசகத்தின் மொழிபெயர்ப்பை வெளியிட்டார். தம் விசுவாசத்தை அவர் விட்டுக்கொடுக்கவில்லை. அந்த அடியாரின் கண்ணீர் முன்னால் தலைவணங்கவும் தயங்கவில்லை. நானும் இரண்டு நெறிகளும் ஒன்றுதான் என்று சொல்லி யாரையும் சங்கடப்படுத்த வரவில்லை. சிலுவை, பொந்தியு பிலாத்து என்ற ரோமானிய ஆளுநர் காலத்தில் எருசலேமுக்கு வெளியே நடந்த அரசாங்கத் தண்டனை. அந்த வேறுபாடு எனக்கு முக்கியம். ஆனால் கூலிக்காரனாக வந்து அடிபடுகிற கடவுளைத் தமிழ்ப் பாட்டிமார் பேரப்பிள்ளைகளுக்குச் சொல்லியே வளர்த்திருக்கிறார்கள். அந்தப் பிள்ளைகளிடம் போய், கடவுள் எதனாலும் பாதிக்கப்படாதவர் என்று நாம் சொன்னால் அவர்கள் நம்ப மாட்டார்கள், நம்பவும் வேண்டாம்.

இனி வீட்டுக்குள் தொலைந்த காசுக்கு வருகிறேன். விராலிமலை வட்டத்தில் ஆவூர் இருக்கிறது. 17ஆம் நூற்றாண்டின் இறுதியில் இயேசு சபைக் குரு வெனான்சியுஸ் பூஷே அங்கே ஆலயம் எழுப்பினார். பெரியநாயகி மாதாவிடம் சுற்றுவட்டாரமே திரண்டு வருகிறது. தென்கிழக்கே நம் மாவட்ட எல்லையை ஒட்டி ஓரியூர். 1647-இல் லிஸ்பன் நகரில், அரசவையோடு நெருங்கிய குடும்பத்தில் பிறந்த ஜான் டி பிரிட்டோ, நம் மக்களின் அருளானந்தர், 1693 பிப்ரவரி 4 அன்று அங்கே தலை வெட்டப்பட்டு இறந்தார். அவர் பண்டாரசாமி என்ற துறவிக் கோலத்தில் உடுத்தி, பண்டாரசாமியாக உண்டு, மறவச் சீமையில் அலைந்தவர். பண்டாரசாமிகள் ஏன் வந்தார்கள் என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் கதை முழுமை பெறும். பிராமண சந்நியாசிக் கோலத்தில் இருந்த குருக்கள் ஒடுக்கப்பட்ட மக்களோடு வெளிப்படையாகப் புழங்க முடியாது. அதனால் 1640 வாக்கில் மதுரை மறைப்பணியில் இந்த இரண்டாவது கோலம் பிறந்தது. தேடிப் போன அன்பும் உண்மை. சாதிக்கு வளைந்துகொடுத்த ஏற்பாடும் உண்மை. அந்த வளைவை நாம் இன்னும் நிமிர்த்தவில்லை.

திருச்சி மேலப்புதூர் கல்லறைத் தோட்டத்தில் தலித் கிறிஸ்தவர்களின் கல்லறைகளைப் பிரித்து ஒரு சுவர் எழும்பி நின்றதை இங்கே இருக்கிறவர்களில் பலர் அறிவீர்கள். உயிர்த்தெழுதலை விசுவசிக்கிறவர்கள் கட்டிய சுவர். 1950-இல் குடியரசுத் தலைவரின் ஆணை தலித் கிறிஸ்தவர்களைப் பட்டியல் சாதியிலிருந்து விலக்கிவைத்ததை எதிர்த்து நாம் ஊர்வலம் போகிறோம், போகத்தான் வேண்டும். அரசிடம் நியாயம் கேட்கிற வாய், வீட்டுக்குள் என்ன பேசுகிறது? 2016-இல் இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை தலித் மக்கள் மேம்பாட்டுக்கான கொள்கை ஆவணத்தை வெளியிட்டு, திருச்சபைக்குள் சாதிப் பாகுபாடு இருப்பதை வெளிப்படையாக ஒப்புக்கொண்டது. நல்ல தொடக்கம். லூக்காவின் உவமையில் காசு தெருவில் விழவில்லை. வீட்டுக்குள்ளேயே, வீட்டுக்காரியின் கண்ணெதிரே தொலைந்தது. அவள் விளக்கேற்றினாள், வீடு முழுவதும் பெருக்கினாள். பெருக்கினால் தூசி கிளம்பும். விருந்தாளி முன்னால் மானம் போகும். அவள் அதைப் பொருட்படுத்தவில்லை.

வேங்கைவயலைப் பற்றி இந்த மாவட்டத்தில் பேசாமல் இருப்பதே பாவம் என்று நான் நினைக்கிறேன். முத்துக்காடு ஊராட்சியில் உள்ள அந்த ஊரில் தலித் குடும்பங்கள் குடிக்கிற தண்ணீருக்கான மேல்நிலைத் தொட்டி. பிள்ளைகளுக்கு அடுத்தடுத்து உடம்பு சரியில்லாமல் போய், தண்ணீரைப் பாருங்கள் என்று மருத்துவமனையில் சொல்லி, 2022 டிசம்பர் 26 அன்று மேலே ஏறிப் பார்த்தபோது தொட்டிக்குள் மனித மலம் கிடந்தது. நாம் கிறிஸ்து பிறப்பு விழாவைக் கொண்டாடிய மறுநாள் அது. நேரில் வந்த மாவட்ட ஆட்சியரும் காவல் கண்காணிப்பாளரும் பக்கத்து இறையூரில் தேநீர்க்கடையில் இரட்டைக் குவளை இருப்பதைக் கண்டார்கள்; கோயிலுக்குள் விடப்படாமலிருந்த மக்களை உள்ளே அழைத்துப் போனார்கள். 2023 ஜனவரியில் வழக்கு சிபிசிஐடி-க்குப் போனது. இரண்டு ஆண்டுகள் கழித்து, 2025 ஜனவரியில் தாக்கலான குற்றப்பத்திரிகை, பாதிக்கப்பட்ட அதே சமூகத்தைச் சேர்ந்த மூன்று பேரையே குற்றவாளிகள் என்றது. அந்த மக்கள் அதை ஏற்கவில்லை. வழக்கின் தீர்ப்பை நீதிமன்றம் சொல்லட்டும். ஒரு தொட்டித் தண்ணீரை நம்பி வாழ்ந்த தாய்மாருடைய கேள்வி, எந்தத் தீர்ப்புக்கும் முன்னால் நம்மிடம் வந்துவிட்டது.

யாக்கோபின் கிணற்றடியில் நடந்தது இங்கேதான் எனக்கு விளங்குகிறது. யூதரும் சமாரியரும் ஒரே பாத்திரத்தில் தண்ணீர் புழங்காத காலம். இரட்டைக் குவளை நமக்கு மட்டும் உரிய கண்டுபிடிப்பு இல்லை. உச்சி வெயிலில் களைத்து உட்கார்ந்திருந்த இயேசு, தண்ணீர் மொள்ள வந்த சமாரியப் பெண்ணிடம் குடிக்கத் தண்ணீர் கேட்டார். உபதேசத்தை அப்புறம் வைத்துக்கொண்டார், கேட்டது முதலில். இரக்கம் காட்டுகிறவர்களுக்கு எப்போதும் கொடுக்கிற கையாக இருப்பதிலேதான் விருப்பம். கொடுக்கிற கை மேலே நிற்கும், வாங்குகிற கை கீழே நிற்கும். கடவுள் வாங்குகிற கையை நீட்டினார். நம் திருச்சபைகள் வேங்கைவயல்களுக்குத் தண்ணீர்க் குடம் கொண்டுபோகலாம், நல்ல காரியம். அந்தக் குடியிருப்பில் ஒரு வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, அவர்கள் வீட்டுச் சொம்பில் தண்ணீர் வாங்கிக் குடித்து, அவர்கள் வீட்டில் சம்பந்தம் பேசவும் தயாராக இருப்பது அதைவிடப் பெரிய காரியம். முதலாவதைச் செய்துவிட்டு இரண்டாவதைத் தவிர்த்தால், நாம் காட்டியது இரக்கம் இல்லை, தூரம்.

இழப்பைத் தன்னுடையதாக எடுத்துக்கொண்டால் என்ன நடக்கும் என்பதற்கு இந்த ஊரே சாட்சி சொல்லும். 1886-இல் புதுக்கோட்டையில் பிறந்தவர் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. மகாராஜா கல்லூரியில் பெண் பிள்ளைக்கு இடமா என்று எதிர்த்தவர்களுக்கு நடுவில் படித்தவர். தாயின் வழியில் இசைவேளாளர் சமூகத்தின் துயரத்தை வீட்டுக்குள்ளேயே அறிந்தவர். தேவதாசி முறையிலிருந்து தப்பிவந்த இளம்பெண்களை எந்த விடுதியும் சேர்த்துக்கொள்ளாதபோது தம் வீட்டையே திறந்துவிட்டார். 1930களின் தொடக்கத்தில் ஔவை இல்லம் அப்படித்தான் பிறந்தது. தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த துக்கம் 1954-இல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனையாயிற்று. அவர் கிறிஸ்தவர் இல்லை. நல்ல சமாரியன் உவமையைச் சொன்னவர், அடிபட்டவனைத் தூக்கியவர் எந்த மதத்தார் என்பதைச் சொல்லி ஆசாரியர்களை வெட்கப்படுத்தினார் என்பதை மட்டும் நினைவூட்டுகிறேன்.

1990களின் தொடக்கத்தையும் சொல்ல வேண்டும். ஷீலா ராணி சுங்கத் ஆட்சியராக இருந்த காலத்தில், அறிவியல் இயக்கத் தோழர்களும் ஆசிரியர்களும் இளைஞர்களுமாக இந்த மாவட்டமே எழுத்தறியாத பெண்களைத் தேடிப் போனது. அறிவொளி என்ற அந்த எழுத்தறிவு இயக்கத்தின் வகுப்பில் எழுத்தும் வந்தது, சைக்கிளும் வந்தது. குவாரியில் கூலிக்குக் கல்லுடைத்த பெண்கள் தாங்களே குத்தகை எடுத்து நடத்தினார்கள். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, முன்னால் குடமும் பின்னால் பிள்ளையுமாக அந்தப் பெண்கள் சைக்கிளில் போன காட்சியைக் கண்டவர்கள் இந்த அவையிலேயே இருப்பீர்கள். லூக்காவின் மூன்று உவமைகளிலும் கொண்டாட்டம் வருகிறது. கண்டுபிடித்தவர் தனியாக மகிழ முடியாமல் அக்கம்பக்கத்தாரைக் கூப்பிடுகிறார். அப்படியொரு மகிழ்ச்சி இந்தச் சாலைகளில் ஒரு காலத்தில் ஓடியது. தேடத் தெரியாத மாவட்டம் இல்லை இது.

கடலோரத்துக்கு வருகிறேன். ஜெகதாப்பட்டினம், கோட்டைப்பட்டினம் கரைகளில் இரவு போன படகு காலையில் திரும்பாவிட்டால் வீடுகளில் உலை ஏறாது. 2021 ஜனவரியில் கோட்டைப்பட்டினத்திலிருந்து போன படகு, இலங்கைக் கடற்படைக் கப்பலோடு ஏற்பட்ட மோதலில் மூழ்கி நான்கு பேர் இறந்தார்கள். அந்த நால்வரில் ஒருவர் மண்டபம் முகாமில் வாழ்ந்த ஈழத்து அகதி. ஒரு நாடு அவரை விரட்டியது. இன்னொரு நாடு அவரைக் குடிமகன் என்று எண்ணவில்லை. நம் மாவட்டத்திலும் லேணாவிலக்கு, தோப்புக்கொல்லை, அழியாநிலை ஆகிய இடங்களில் முகாம்கள் இருக்கின்றன. இங்கேயே பிறந்து, இங்கேயே படித்து, இங்கேயே பிள்ளை பெற்றவர்களும் அகதி என்ற பெயரோடு வாழ்கிறார்கள். அதே சமயம், நம் இழுவைமடிப் படகுகள் அக்கரையின் சிறு வலைகளை அறுத்துக்கொண்டு போகும்போது, நெடுந்தீவிலும் மன்னாரிலும் இதே தமிழ் பேசுகிற மீனவர் வீட்டிலும் உலை ஏறுவதில்லை. இதைச் சொன்னால் நம் பக்கத்தில் சிலருக்குப் பிடிக்காது என்று தெரியும். கடவுளின் மனவுருக்கம் கடல் எல்லைக் கோட்டில் நின்றுவிடுவதில்லை என்பதால் சொல்கிறேன். ஆண்டுக்கு ஒருமுறை தவக்காலத்தையொட்டிக் கச்சத்தீவு அந்தோணியார் கோயிலில் இரு கரை மக்களும் ஒரே திருப்பலியில் நிற்கிறார்கள். காணாமற்போன பொருளைத் தேடித்தருகிறவர் என்று கத்தோலிக்கர் வேண்டுகிற புனிதர் அவர். காணாமற்போனவர்களின் தாய்மார் இரு கரையிலும் இருக்கிறார்கள். அந்தத் திருவிழாவில் அவர்களுடைய பெயர்கள் ஒரே மன்றாட்டில் வாசிக்கப்பட வேண்டும் என்று நம் ஆயர்களை நான் கேட்டுக்கொள்கிறேன்.

மூன்றாவது உவமையில் நான் அதிகம் நிற்கப்போவதில்லை. அதைப் பற்றிக் கேட்காத பிரசங்கம் இல்லை. ஒன்றே ஒன்று. அந்தத் தகப்பன் இரண்டு தடவை வீட்டைவிட்டு வெளியே வருகிறார். முதல் தடவை, தூரத்தில் வருகிற இளையவனைக் கட்டிப்பிடிக்க. இரண்டாம் தடவை, வயலிலிருந்து வந்து வாசலிலேயே நின்றுவிட்ட மூத்தவனிடம் கெஞ்ச. மூத்தவன் உள்ளே போனானா என்று லூக்கா சொல்லவில்லை. முணுமுணுத்தவர்களுக்குச் சொல்லப்பட்ட கதை. முடிவு அவர்கள் கையில் விடப்பட்டது. வீட்டிலேயே இருந்த, ஒழுங்காக உழைத்த, கட்டளையை மீறாத மூத்தவன் நாம்தான். தம்பியின் பெயரைச் சொல்லக்கூட வாய் வராமல், உம்முடைய மகன் என்று தகப்பனிடம் அவனைத் தள்ளிவிட்டவனும் நாம்தான். அவன் கணக்கில் யாரும் தொலைந்திருக்கவில்லை. தகப்பன் கணக்கிலோ இரண்டு பேரும் தொலைந்திருந்தார்கள்.

ஆகவே இந்த அவையில் இருக்கிற குருமார்களிடமும் சபை மூப்பர்களிடமும் பங்குப் பேரவை உறுப்பினர்களிடமும் ஒரு விண்ணப்பம். மற்றதெல்லாம் மெதுவாக நடக்கட்டும். இது உங்கள் கையிலேயே இருக்கிறது. உங்கள் கல்லறைத் தோட்டத்தில் சுவரோ, வேலியோ, சாதிக்கு ஒரு வரிசையோ இருந்தால், நவம்பர் 2 கல்லறைத் திருநாளுக்குள் அதை எடுத்துவிடுங்கள். ஆயரின் சுற்றறிக்கைக்கும் நீதிமன்ற ஆணைக்கும் காத்திருக்க வேண்டாம். எதிர்ப்பு வரும், சிலர் காணிக்கையை நிறுத்துவார்கள், சிலர் வேறு சபைக்குப் போவதாகச் சொல்வார்கள். அந்த நஷ்டத்தை உங்கள் கணக்கில் எழுதிக்கொள்ளுங்கள். செய்து முடித்ததும் எனக்குச் சொல்லியனுப்புங்கள். எந்த ஊராக இருந்தாலும் வந்து, அந்த மண்ணில் உங்களோடு நின்று ஜெபிக்கிறேன்.